பூனைக்கு மல்லிகைப்பூ

எழுபதுகளில் ஒரு கோடைகாலம். தோஹாவில் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சி. ஒன்று நான், இன்னொன்று பூனை. பூனைக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. மதில் தாண்டும், மொட்டைமாடிக்கு ஏறும், நஜ்மா கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். என்னைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குளியலறைக்குப் போகலாம், அவ்வளவுதான். பிளேன் ஏறவே கூடாது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் முறையெல்லாம் போயிற்று. ஜன்னல் ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். படுக்கவைத்தால் அது இன்னும் சீக்கிரம் வரும் என்று அந்தக் கோடையில்தான் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் ஒரு கட்டிடக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். பாளையங்கோட்டைக்காரர், பரம்பரைச் சைவம். மீன் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார். ஒரு பிளாட்டை இரண்டு தரப்பு பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம் என்பதால், பக்கத்து அறையில் அதே கம்பெனியின் சைட் இன்ஜினியர் இருந்தார். தூத்துக்குடிக்காரர், கல்யாணம் ஆகாதவர். என் கணவரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் எங்கள் சமையலறையில் மீன் நுழையக்கூடாது என்ற ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, மலையாளி ஹோட்டலில் சாப்பிட்டு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். நான் படுத்தபிறகு சமையல் இவர்கள் இருவர் கைக்குப் போயிற்று. அவர்கள் வைத்த சாம்பாரையும் ரசத்தையும் நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூனை யாருடையதும் அல்ல. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நாள் வந்தது, தயிர்சோற்றைத் தின்றது, தங்கிவிட்டது. அதற்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் இன்ஜினியருக்கு ஒரே கொண்டாட்டம். மதினிக்கும் பூனைக்கும் போட்டி, யார் முந்துகிறார்கள் பார்ப்போம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். என் கணவருக்கு இந்தக் கேலி பிடிக்காது. ஆனாலும் டின்பால் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, தன் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, ஸ்டோர் ரூமில் பூனைக்குப் பிரசவ அறை தயார் செய்தவர் அவர்தான். எனக்கு இவ்வளவு சிரத்தையாக அவர் படுக்கை விரித்ததில்லை.

அன்றைக்கு இரண்டு பேரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். முன்பகலில் ஸ்டோர் ரூமிலிருந்து பூனை கூப்பிட்டது. அதுவரை கேட்காத குரல். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு டாக்டரம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்று குட்டிகள் பிறந்திருந்தன. மூன்றிலும் உயிர் இல்லை. துண்டால் துடைத்தேன், தேய்த்தேன், உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. தாய் மட்டும் நக்கிக்கொண்டே இருந்தது. நக்குவதை நிறுத்தி என்னைப் பார்க்கும், மறுபடி நக்கும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியாது. அப்போது என் வயிறு இறுகிக் கல்லாகிற மாதிரி இருந்தது. பயந்துபோய்த் திரும்பிவந்து படுத்தேன். உள்ளே பிள்ளை ஒரு உதை உதைக்கும்வரை மூச்சே விட்டேனா என்று தெரியவில்லை.

மத்தியானம் இருவரும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஸ்டோர் ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறையில் குசுகுசுவென்று ஆரம்பித்தது. அந்தக் கட்டிடத்துச் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. மதினிக்குத் தெரியவே கூடாது அண்ணாச்சி என்றார் இன்ஜினியர். என் கணவர் ஆமாம் ஆமாம் என்று முனகினார். கம்பெனி பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் திரும்பிவரும் சத்தமும் கேட்டது. சைட் பக்கம் மணலில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய கூத்து. இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் வேறு வேலை பார்க்கமாட்டார்கள். அது சரிதான். ஆனால் தோஹாவில் கோடை மத்தியானத்தில் எவனும் குளிக்கமாட்டான். மொட்டைமாடித் தொட்டியில் கொதித்துக் குழாயில் இறங்குகிற தண்ணீரில் டீ போடலாம். ஒவ்வொரு செம்புக்கும் உள்ளே ஒரு அலறல் அமுங்கிக் கேட்டது. வெந்த இறால் நிறத்தில், தலையில் ஈரம் சொட்ட, இரண்டு பேரும் என் அறை வாசலில் வந்து நின்று சிரித்தார்கள்.

"என்ன, இந்த நேரத்துல குளியல்?" என்றேன்.

"புழுக்கமா இருந்துச்சு மதினி," என்றார் இன்ஜினியர். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

பிள்ளைத்தாய்ச்சியிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். என் பெரியப்பா மகள் மாசமாக இருந்தபோது அவள் மாமனார் இறந்துபோனார். அவர் திருச்செந்தூரில் தங்கி மௌனவிரதம் இருக்கிறார் என்று சொல்லியே பிரசவம்வரை ஓட்டினார்கள். அவளும் நம்பினாள், பேசியே ஊரைக் கலக்குகிற மனிதருக்கு இப்படி ஒரு ஞானமா என்று சந்தோஷம்கூடப் பட்டாள். இப்போது என் முறை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தெரியும் என்றால் கட்டிலை விட்டு எழுந்ததைச் சொல்லவேண்டும். அதற்கு என் கணவர் போடும் புலம்பலைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

பூனை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். குட்டி போட்டுவிட்டது, தாயும் பிள்ளைகளும் நலம் என்றார் கணவர். எத்தனை என்றேன். நாலு என்றார். அதே நேரத்தில் இன்ஜினியர் மூன்று என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது கொஞ்சம் சின்னது, அண்ணாச்சி எண்ணியபோது வெளியே தெரிந்தது, நான் எண்ணியபோது அடியில் கிடந்திருக்கும் என்று இன்ஜினியர் சமாளித்தார். சூடு பிடித்துக்கொண்டது அவருக்கு. ஒன்று வெள்ளை, இரண்டு சாம்பல், ஒன்றுக்கு நெற்றியில் நாமம் போட்ட மாதிரி கோடு என்று அடுக்கினார். என் கணவர் அந்த நாமம்போட்ட குட்டிதான் ரொம்பச் சுட்டி என்றார். கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். கண் திறக்காத குட்டிகள்மேல் வெளிச்சம் படக்கூடாதாம். அவர்கள் போனபிறகு தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. சிரிப்பு அங்கேயே நின்றது.

மாதாமாதம் என் கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். டாக்டரம்மா எகிப்துக்காரர், இங்கிலீஷில் பேசுவார். எனக்கு அந்த வேகத்து இங்கிலீஷ் பிடிபடாது. அந்த அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கையால் படம் வரைந்து காட்டி, மூச்சுவிடாமல் நெடுநேரம் பேசுவார். இவர் என் பக்கம் திரும்பி, எல்லாம் நல்லா இருக்காம் என்பார். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று நான் கேட்டதுண்டு. இங்கிலீஷ் அப்படித்தான், நீளமான பாஷை என்றார். இல்லாத பூனைக்குட்டிக்கு நாமம் போட்டுச் சுட்டித்தனமும் கொடுக்கத் தெரிந்த மனிதர், என் வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி என்னிடம் என்ன சொல்லாமல் வைத்திருக்கிறார்? இந்தப் பிள்ளை உயிரோடு என் கைக்கு வருமா? வராது என்று அந்த அம்மா சொல்லியிருந்தாலும் இவர் எல்லாம் நல்லா இருக்காம் என்றுதானே சொல்வார்? அந்த நிமிஷத்திலிருந்து அவர் சொன்ன எதையும் நம்ப முடியவில்லை. அடை வெந்துவிட்டது என்றால்கூடப் பிட்டுப் பார்த்தேன்.

பூனையின் நிலைமையும் மோசமாகிக்கொண்டு வந்தது. வீடெல்லாம் குட்டிகளைத் தேடியது. கட்டிலுக்கடியில், வாளிக்குப் பின்னால், இன்ஜினியரின் பூட்சுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பிறகு அவருடைய காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டுபோய் அட்டைப்பெட்டியில் போட்டு நக்க ஆரம்பித்தது. சைட்டில் நாள் முழுக்கப் போட்டிருந்த காலுறை. நக்குகிறதே என்று அவர் பதறி, துவைத்து வைத்திருந்த காலுறையை மாற்றிவைத்துப் பார்த்தார். அது ஏற்கவில்லை. சோறு தொடவில்லை. பால் கட்டிக்கொண்டு வயிறெல்லாம் வீங்கி, மொசைக் தரையில் குப்புறப் படுத்தே கிடந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. திறந்த கதவு வழியாக எனக்குப் பாதி வீடு தெரியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் என் கணவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆபீசில் ஒரு எகிப்துக்காரர் இருக்கிறாராம். அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி பால் கட்டிக்கொண்டு கஷ்டப்படுகிறாளாம். நம் ஊரில் அதற்கு என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னாராம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் போர்வை நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ள குடிக்காதா?" என்று கேட்டேன்.

போர்வையை இன்னும் மடித்தார். "இல்ல... பிள்ள வேற ஊர்ல இருக்கு," என்றார்.

பச்சைப்பிள்ளையைத் தனியாக வெளியூருக்கு அனுப்பிய எகிப்துக்காரியை நினைத்து அந்தச் சமயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று எங்கள் பக்கம் சொல்வதைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாலைப் பிழிந்து விடக்கூடாது, பிழிந்தால் மேலும் ஊறும், வெதுவெதுப்பான துணியால் ஒற்றி எடுக்கலாம் என்றும், அந்த எகிப்துக்காரிக்காகச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் மல்லிகைப்பூ தேடி அலைந்தார்கள். பூக்கடை இல்லாத ஊர். கடைசியில் ஒரு அரபி வீட்டு மதிலுக்கு மேலே ஒரு கொடியைக் கண்டுபிடித்து, இன்ஜினியர் மணியடித்திருக்கிறார். வந்த தோட்டக்காரர் உருது பேசுகிற பட்டாணியர். பாய், ஃபூல் சாஹியே, பில்லி கே லியே என்று இவர் விளக்கியிருக்கிறார். பூ வேண்டும், பூனைக்கு. அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெயிலில் அலைந்து மூளை கலங்கிய ஆள் என்று முடிவுகட்டி, முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்து, பிறகு ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தாராம். இதையெல்லாம் சமையலறைக் குசுகுசுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோர் ரூமில் ஒரு யுத்தம் நடந்தது. பிடிங்க அண்ணாச்சி, வால விட்டுட்டு முதுகப் பிடிங்க என்று குரல் கேட்டது. பழைய பனியனைக் கிழித்து, உள்ளே பூவை வைத்து, பூனையின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கையெல்லாம் கீறலோடு என் கணவர் வெளியே வந்தார். வீடு முழுக்கக் கல்யாண வாசனை. அதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டுமே, கையில் கொஞ்சம் உதிரிப்பூவோடு வந்து, உனக்குத்தான் வாங்கிவந்தேன் என்று தலையணைமேல் வைத்தார். கல்யாணமானபிறகு அவர் எனக்குக் கொண்டுவந்த முதல் பூ, பூனைக்குப் போக மிச்சம்.

பூனை அன்று கொஞ்சம் அடங்கிப் படுத்தது. நான்தான் அடங்கவில்லை. எத்தனை தூரம் போவார்கள் பார்ப்போம் என்று, குட்டிகள் கத்துகிற சத்தமே கேட்கவில்லையே என்றேன். இருவரும் விழித்தார்கள். இப்போது பாலுக்குக் கத்தும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் நழுவினார். சற்றுநேரத்தில் அவருடைய அறைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு "மியூ" கேட்டது. இன்னொரு மியூ. ஒரு சைட்டையே அதட்டுகிற குரல் எவ்வளவு சின்னதாகிவிட்டது. என் கணவர், கேட்டாயா என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் மட்டுமா கேட்டேன், பூனையும் கேட்டுவிட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்தது பாய்ந்து எழுந்தது. பனியன் கட்டு அவிழ்ந்து இழுபட, பூ சிதற, கூடத்தில் அங்கும் இங்கும் ஓடியது. இன்ஜினியரின் மூடின கதவை இரண்டு கையாலும் பிறாண்டியது. பெட்டிக்கு ஓடி, காலுறையை முகர்ந்துவிட்டு, மறுபடி கதவுக்கு ஓடியது. அன்றைக்குக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டது. உள்ளே இருந்தவர் எதுவும் தெரியாமல் இன்னொரு மியூ விட்டார்.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "குட்டி செத்துதான் பிறந்துச்சு. உங்களுக்கு முந்தி நான் பாத்தேன். தொட்டுத் தூக்கினதே நான்தான்."

இன்ஜினியர் கதவைத் திறந்தார். பூனை அவர் காலைத் தாண்டி உள்ளே போய், அறையின் ஒவ்வொரு மூலையிலும் தேடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். "நம்ம பிள்ளைக்கும் இப்படித்தான் சொல்லுதியளா? அந்த டாக்டரம்மா என்னதான் சொன்னாவ? எனக்கு இப்பத் தெரியணும்."

அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை வளர்த்தி குறைவு. நாள் வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்யவேண்டியிருக்கும். ரத்தம் நிறையப் போகலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து வரலாம், தப்பிக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்ஜினியர் ஊருக்கு லீவில் போகவேண்டியவர் சைட் வேலை என்று சொல்லித் தள்ளிப்போட்டிருந்தார். அதுவும் பொய்தானாம். அவருக்கு என்னுடைய ரத்த வகை. அதற்காகத்தான் ஊருக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது முந்தின பயம் இல்லை. முந்தினது எங்கே முடியும் என்றே தெரியாத பயம். இனி அடுத்தமுறை அந்த அம்மா பேசுவதை ஒரு வரி விடாமல் சொல்லவேண்டும், கெட்டதை முதலில் சொல்லவேண்டும் என்றேன். சரி என்றார்.

அதன்பிறகு பூனை வைத்தியம் என் தலைமையில், கட்டிலிலிருந்தே நடந்தது. பெட்டியையும் காலுறையையும் கண்ணில் படாமல் எடுக்கச் சொன்னேன். பனியன் கட்டு வேண்டாம், பூனை பூ வைக்கிற ஜாதியில்லை என்று ஒத்துக்கொண்டோம். வெதுவெதுப்பான துணியால் ஒற்றுகிற வேலை இன்ஜினியருக்கு. பிழியாதீங்க என்று நான் கத்துவேன், பிழியல மதினி என்று அவர் கத்துவார். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனாலும் அது தயிர்சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மீன் வேண்டும் என்பது மூன்று பேருக்கும் தெரியும், யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

யாரும் சொல்லாமல் என் கணவரே போனார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, வாசனை இல்லாத மீனாகக் கொடு என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஐஸ்கட்டியைக் காட்டினாராம். கடைசியில் ஒரு பொட்டலம் சாளை வாங்கி, பிக்கப்பின் பின்பக்கம் வைத்து, ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டிவந்தார். இன்ஜினியர் மொட்டைமாடியில் மண்ணெண்ணெய் அடுப்பில் உப்பில்லாமல் அவித்தார். அவித்ததை என் கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தது என் கணவர்தான். பூனை முகர்ந்தது. எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. பிறகு தின்ன ஆரம்பித்தது, தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே அறைக்கு வெளியே போகும்வரை தின்றது. என் கணவர் அன்றைக்கும் மத்தியானத்தில் தலைக்குக் குளித்தார். இந்தமுறை அலறலை அமுக்கவில்லை.

எனக்கு நாளுக்கு முன்பே ரத்தம் போக ஆரம்பித்தது. ஆபரேஷன் ஆயிற்று. இன்ஜினியரின் ரத்தம் தேவைப்பட்டது, ஏறியது. நான் கண் விழித்தபோது கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ரொம்பச் சின்னதா இருக்கா. மூச்சுவிடச் சிரமப்படுதா, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. பொம்பளப் பிள்ள. அழுதா, நான் கேட்டேன்."

மலையாளி நர்ஸ் ஒருவர் அருகில் இருந்தார். பெற்றவளிடம் இதையெல்லாம் இப்போதே சொல்வதா என்று என் கணவரை முறைத்தார். எனக்கு அந்த வரிசையே போதுமாக இருந்தது. பெட்டியிலிருந்து அவள் என் கைக்கு வந்து சேரப் பல நாளாயிற்று. அதுவரை தினமும் அவர் வந்து, எடை குறைந்ததை, பால் குடிக்காததை, டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கியதைக்கூட விடாமல் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு நாள், இன்னைக்குப் பரவாயில்லன்னு சொன்னாவ என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.